தலை குனியாத ஜீப்

தவசி குடித்துவிட்டு ஜீப்பை வாய்க்காலில் விட்டான் என்று ஊர் பேசியபோது அவனுக்குக் கோபம்தான் வந்தது. அன்று சாயங்காலம் ஒச்சாயி சோற்றுத்தட்டை வைத்துவிட்டு, எதையோ எடுக்க வருகிறவள்போல் கிட்டே வந்து புருஷனின் வாயை மோந்து பார்த்தாள் பாருங்கள், அப்போதுதான் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

ஒச்சாயியைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுடைய அப்பன் கள்ளச்சாராயத்தில் கண் அவிந்து செத்தவர். தவசி பெண் கேட்டுப் போனபோது அந்த வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, பையன் தொடுவானா என்பதுதான். கீழக்குயில்குடி அய்யனார் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அவன் தாலி கட்டினான். அதற்கப்புறம் கெடாவெட்டில்கூட ஒரு சொட்டு அவன் நாக்கில் பட்டதில்லை. மதுவிலக்கு இருந்த வருடங்கள்தான் அவை. இருந்தும் கண்மாய்க் கரைக்குப் பின்னால் பானை பானையாகக் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷனுக்குக் குடிகாரன் என்று பேர்.

பேர் வைத்தவர் விருமாண்டி, ஜீப்பின் சொந்தக்காரர். தோட்டம், துரவு, செங்கல் சூளை எல்லாம் உள்ளவர். தவசி அவரிடம் டிரைவர். ஜீப் பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்தது. விருமாண்டி அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார். உழவுக் காட்டிலும் கண்மாய்ச் சகதியிலும் இறங்கி ஏறப் பெரிய டயர்களை மாட்டினார். டீசல் எஞ்சினின் கனத்தில் முன்பக்கம் கொஞ்சம் அமுங்கிவிட்டது. ஓட்டுவதற்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

தொந்தரவு சிவராத்திரியன்று வந்தது. குலசாமி கோயில் வாசலில் பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் ஜீப்புக்கு எதிரே இவருடையது நின்றது. வாய்க்கொழுப்பெடுத்த எவனோ ஒருத்தன், "விருமாண்டி ஜீப்பு அவுக ஜீப்பப் பாத்துத் தலையக் கவுத்துக்கிட்டு நிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டான். கூட்டம் சிரித்தது.

அவ்வளவுதான். தன் வம்சம் எவன் முன்னாலும் தலை குனிந்ததில்லை என்று சொல்லிக்கொள்கிற மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. தவசி மாமியார் ஊருக்குப் போயிருந்த சமயமாகப் பார்த்து ஜீப்பைக் கோரிப்பாளையம் அலியார் பாய் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். முன் ஸ்பிரிங் பட்டையின் நுனியை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கிற இரும்புத் துண்டுக்குச் சாக்கிள் என்று பெயர். இருந்ததைக் கழற்றிவிட்டு நீளமான சாக்கிளாக அடித்து மாட்டச் சொன்னார். ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்த்தது. எஞ்சினுக்கு மருந்து, டயருக்கு மருந்து என்று செய்த மனிதர், கடைசியில் கௌரவத்துக்கும் ஒரு மருந்தைப் போட்டுவிட்டார்.

ஊரிலிருந்து திரும்பிய தவசிக்கு முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் பஞ்சுபோல் லேசாக இருந்தது. ஒடித்தால் ஒடித்த இடத்திலேயே நின்றது, தானாக நேருக்கு வரவில்லை.

"அண்ணே, வண்டி முன்ன மாதிரி இல்லண்ணே. பள்ளத்துல ஏறி எறங்குனா அது தள்ளுன பக்கமே போகுது. இழுத்துப் பிடிச்சா அந்தப் பக்கம் ஓடுது" என்றான்.

"புது உசரம்டா. கை பழகிரும்" என்றார் விருமாண்டி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கை பழகுவதற்குள் வாய்க்கால் வந்துவிட்டது. விருமாண்டியின் மச்சானை வில்லாபுரத்தில் ஏற்றிக்கொண்டு தவசி வந்துகொண்டிருந்தான். பட்டப்பகல், காலி ரோடு. ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழுந்ததும் வண்டி வலதுபக்கம் பாய்ந்தது. இவன் இடதுபக்கம் ஒடித்தால் அது அங்கேயே ஓடியது. திரும்ப வலது, திரும்ப இடது. பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் இன்னும் கூடிற்று. கரையோரம் களை பறித்த பெண்கள் எழுந்து நின்று பார்க்கப் பார்க்க, ஜீப் ரோடு முழுக்க நெளிந்துபோய் வாய்க்காலில் இறங்கியது. மச்சானுக்குக் கை ஒடிந்தது.

மறுநாள் டீக்கடையில் விருமாண்டி தீர்ப்புச் சொன்னார். "தண்ணியப் போட்டுட்டுத்தான் ஓட்டிருக்கான். பாத்த பொம்பளைக சொல்றாக, வண்டி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடிக்கிட்டு வந்துச்சாம்." வண்டி ஆடினால் டிரைவர் ஆடினான் என்று அர்த்தமாம். இவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையைவிட்டும் நிறுத்திவிட்டார். ஸ்டியரிங் சரியில்லை என்று இவன் சொன்னது அந்த மனுஷனுக்கு நினைவுகூட இல்லை. மேற்கே நாகமலை வரைக்கும் வண்டி வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் தவசி வேலை கேட்டுப் போனால் வேறு பேச்சுப் பேசினார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒச்சாயி தினமும் கிட்டே வந்துவிட்டுப் போனாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டிருந்தால்கூட பதில் சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை.

ஒரு காலை தவசி கோரிப்பாளையத்துக்கு பஸ் ஏறினான். ஜீப் அலியார் பாய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. பாய் முணுக்கென்றால் கோபப்படுகிற ஆள்.

"நீ எதுக்கு இங்க வந்த? விருமாண்டி பாத்தா என்னையத்தான் கடிப்பாரு."

"வண்டியில என்ன கோளாறுன்னு பாத்தீகளா பாய்?"

"கோளாறு உங்கிட்டன்னு சொல்றாக. நான் பாட்டுக்கு ரெண்டு சக்கரத்தையும் சேத்துத் திருப்புற டை ராடு முனை ரெண்டையும் மாத்திட்டேன். ஸ்டியரிங் பாக்ஸைப் பிரிச்சு ஆட்டத்த எடுத்துட்டேன். பேரிங் புதுசு. இதுக்கு மேல என்ன செய்யணும்?"

"ஓட்டிப் பாத்தீகளா?"

பாய் ஸ்பானரைத் துடைத்தார். ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று தவசிக்குப் புரிந்தது. சரியாகவில்லை என்பதும் புரிந்தது.

இரண்டு பேருமாக முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள், லொடலொடப்பு இல்லை. இடமும் வலமும் ஆட்டினார்கள், அதுவும் இல்லை. டயர் காற்று சரியாக இருந்தது. ஸ்பிரிங் போல்ட்டு இறுக்கமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பாய், "இது நல்லாருக்கு" என்று சொல்லச் சொல்லத் தவசிக்கு ஆத்திரம் ஏறியது. எல்லாம் நல்லாயிருந்தால் கெட்டது நானா என்று உள்ளே குமுறினான்.

"எறக்குங்க பாய்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். முற்றத்தில் முன்னால் ஓட்டி, ஸ்டியரிங்கை ஒடித்து, கையை விட்டான். ஒடித்தது ஒடித்தபடியே நின்றது. சுவரில் முட்டப்போகிறதே என்று ரிவர்ஸ் போட்டான். கை ஸ்டியரிங்கில் இல்லை. ஜீப் பின்னால் நகர்ந்ததும் ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேருக்கு வந்து நின்றது.

தவசி மறுபடி செய்தான். முன்னால் போனால் வரவில்லை. பின்னால் போனால் வந்தது.

"பாய், சைக்கிளச் சீட்டப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளுனா ஹேண்டில் நேராப் போகும். பின்னுக்குத் தள்ளுனா மடங்கிக்கிரும். இது தலகீழால்ல இருக்கு?"

பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். பக்கத்தில் வேலை நடந்த கட்டடத்துக்குப் போய்க் கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கிவந்தார். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னின் மேல் முனையில் நூலைப் பிடித்தார். அந்த மேல் முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் தானாக நேருக்கு வரும். குண்டு கீழ் முனையைத் தாண்டி முன்னால் தொங்கியது. அச்சே முன்னுக்குக் கவிழ்ந்திருந்தது.

"யா அல்லா" என்றார் பாய். "சாக்கிள நீட்டுனதுல ஸ்பிரிங் சாஞ்சு, முன்சக்கர ஆக்சிலயும் சேத்துத் திருப்பிருச்சு. பிரேக் போட்டா இன்னுங் கவுறும். நான் ஒசரம் மட்டுந்தான் கூடும்னு நெனச்சேன் தவசி."

"நீங்க நெனச்சீக. அவுக நெனச்சாக. குடிகாரப் பட்டம் மட்டும் எனக்கு."

பாய் நூலைத் தூக்குக்குண்டில் சுற்றினார்.

மத்தியானம் விருமாண்டி ஜீப்பை எடுத்துப்போக வந்தார். பாய் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். விருமாண்டி தவசியை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு விரக்கடை இரும்பு வண்டியக் கவுத்துருமாக்கும்? நீ செஞ்சதுக்கு இரும்பு மேல பழியப் போடுறியா?"

"நீங்களே ஓட்டுங்கண்ணே" என்றான் தவசி. "பக்கத்துல நானும் உக்காந்து வாரேன்."

மறுத்தால் பயந்ததுபோல் ஆகிவிடும். விருமாண்டி ஏறி உட்கார்ந்தார். ஆற்றைத் தாண்டி ஊர் நெரிசலுக்குள் மெதுவாகப் போனவரை ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தில் ஒரு இளப்பமும் வந்துவிட்டது. விராட்டிபத்து தாண்டி ரோடு விரிந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தார். "வேகம் வேணாம்ணே" என்று தவசி சொன்னது காதில் ஏறவில்லை. ஒரு பள்ளம் வந்தது.

ஜீப் வலதுபக்கம் பாய்ந்தது. விருமாண்டி ஒடித்தார். இடதுபக்கம் பாய்ந்தது. மாட்டுவண்டிக்காரன் ஒருவன் வைதுகொண்டே மாட்டை ஓரத்துக்கு இழுத்தான். அவர் பிரேக்கை அழுத்த, மூக்கைத் தூக்கி நின்ற அந்த ஜீப் ரோடு பூராவும் நெளிந்தது. "பிரேக்க விடுங்கண்ணே" என்று கத்தித் தவசி குறுக்கே கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். வண்டி வேகம் குறைந்து புளியமரத்தடியில் போய் நின்றது. விருமாண்டியின் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

மரத்தடியில் நின்ற கான்ஸ்டபிள் நிதானமாக நடந்து வந்தார். வெளியூர்க்காரர், விருமாண்டி யாரென்று அவருக்குத் தெரியாது.

"எறங்குடா கீழ. பட்டப்பகல்லயே போட்டுட்டு வாரியா?"

"சார், நான் யாருன்னு..."

"யாரா வேணா இரு. ஊது."

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. விருமாண்டி துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். வாயைத் திறந்து, அந்தக் கான்ஸ்டபிளின் முகத்துக்கு நேரே ஊதினார். கான்ஸ்டபிள் மோந்து பார்த்துவிட்டு நம்பாமல் இன்னொரு தரம் ஊதச் சொன்னார்.

தவசிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒச்சாயியின் மூக்கு தன் முகத்தருகே வந்தது நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய், "அய்யா, அவுக குடிக்கலங்க. வண்டியில கோளாறு. பக்கத்துல உக்காந்துருந்தவன் நான், நான் சொல்றேன்" என்றான்.

"நீ யாரு?"

"இந்த வண்டிக்கு டிரைவரா இருந்தவன்."

கான்ஸ்டபிள் போகச் சொன்னார். அங்கிருந்து தவசி ஓட்டினான், நடையைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில். விருமாண்டி பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி வந்தார். நாகமலை அடிவாரம் வந்தபின், "சாயந்தரம் டீக்கடைக்கு வா. நாலு பேரு முன்னால சொல்லிப்புடுறேன்" என்றார்.

"டீக்கடை என்னைய மோந்து பாக்கலண்ணே" என்றான் தவசி. "மோந்து பாத்தது என் வீட்டுல."

விருமாண்டிக்கு விளங்கியது. தவசி வண்டியைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தினான். தென்னங்கீற்று வேய்ந்த வீடு. கூரை தாழ்ந்து இறங்கியிருக்கும், வாசல் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே ஒச்சாயி உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிருந்தே சொல்லிடுறேனே" என்றார் விருமாண்டி.

"அவளுக்குக் கேக்காதுண்ணே. உள்ள வாங்க."

விருமாண்டி தெருவை இருபக்கமும் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, முதுகையும் வளைத்து உள்ளே நுழைந்தார்.

"ஒச்சாயி, அன்னைக்கு ஒம்புருசன் குடிக்கல. வண்டிய நான்தான் கெடுத்து வச்சிருந்தேன். விசாரிக்காமப் பேசிப்புட்டேன்."

ஒச்சாயி கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. புருஷன் அண்ணே என்கிறவர் அவளுக்கு மச்சான் முறை.

"ஒத்த வார்த்தையில சொல்லிப்புட்டீக மச்சான். எங்கப்பன் செத்த சாவு ஊருக்கே தெரியும். தெரிஞ்சிருந்தும் சொன்னீக. கட்டுன புருசன நாய் மாதிரி மோந்து பாக்க வச்சிட்டீகளே."

விருமாண்டி நிமிரப் பார்த்தார். மூங்கில் தலையில் இடித்தது. குனிந்தபடியே நின்றார்.

"காலையில பாய்கிட்டப் போயி அந்தச் சாக்கிளக் கழத்திட்டுப் பழசப் போடு" என்றார் தவசியிடம்.

"மூக்கு எறங்கிப்போகுமேண்ணே."

"எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து வெளியே போனார்.

ஒச்சாயி சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டுத் தள்ளியே நின்றாள். தவசிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அவள்மேலும்தான். முதல் கவளத்தைப் பிசைந்தவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இனிமே கேளு" என்றான். "வாய்க்குள்ள மூக்க நீட்டாத. என்னையக் கேளு."

"கேக்குறேன்" என்றாள் ஒச்சாயி.