செவ்வாய்க்கிழமை கெட்டுப்போகும் கோப்பு

ரலிட்சாவுக்கு அந்தப் பெண்ணின் முகம்கூடத் தெரியாது. முகம் தெரியாதவள் மேல் பொறாமைப்படுவதில் ஒரு கஷ்டம், அவளை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஐந்து மாதமாக ரலிட்சா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பல்கேரியாவின் ரூசே நகரத்தில் ஒரு நோட்டரி அலுவலகத்தில் அவளுக்கு எழுத்தர் வேலை. வெளிநாட்டுப் பத்திரங்களை மொழிபெயர்த்துத் தரும் யோவானாவின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. செவ்வாய்தோறும் காலை ஒன்பதரைக்கு அவளிடமிருந்து மின்னஞ்சல் வரும். வேர்ட் கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் 'வின்மெயில்' என்ற பெயரில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். எதை வைத்துத் திறந்தாலும் திறக்காது. பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட ஆட்கள் வந்துவிடுவார்கள்.

உடனே ஸ்விலெனைக் கூப்பிடுவாள். அந்த வட்டாரத்து அலுவலகக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவன் அவன்தான். அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகப் புருஷன்.

"கோளாறு அனுப்புற இடத்துல. நீ எதையும் டவுன்லோட் பண்ணித் தொலைக்காத, வைரஸ் வந்துரும். நான் போய்ப் பாத்துக்கறேன்" என்பான்.

போய், தன் முகவரியிலிருந்து கோப்பை அனுப்புவான். அது ஒழுங்காகத் திறக்கும். அவன் அங்கிருந்து கிளம்பத்தான் ஒரு மணி நேரம் ஆகும். மற்ற நாளெல்லாம் கசங்கிய பனியனோடு திரிகிறவன் செவ்வாய்க்கிழமை மட்டும் சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

ரலிட்சாவுக்கு வயிறு எரிந்தது. என் புருஷனை வரவழைக்கத்தான் அந்தச் சிறுக்கி வேண்டுமென்றே கெடுத்து அனுப்புகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். போட்டிக்குச் செவ்வாய்க்கிழமை விடியலில் எழுந்து பனிட்சா சுட ஆரம்பித்தாள். காகிதம் போல் மெல்லிய மாவு, அடுக்கடுக்காக வெண்ணெய், கை தாராளமாய் முட்டையும் பாலாடைக்கட்டியும். வீட்டில் வயிறு நிறைந்தவன் வெளியே ஏங்க மாட்டான் என்று நினைத்தாள். மதியத்துக்கும் நாலு துண்டு கட்டி அவன் பையில் வைப்பாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய், ஸ்விலென் பல் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கி வீட்டில் படுத்திருந்தான். கோப்பு வழக்கம்போலக் கெட்டு வந்தது. இன்றைக்கு அவளை நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று ரலிட்சா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சிக்னலில் நிற்கும்போது போனில் 'வின்மெயில்' என்று தட்டினாள். இரண்டு நிமிடத்தில் விளக்கம் கிடைத்தது: அனுப்புபவரின் முகவரிப் பட்டியலில் ஒரு அமைப்பு மாறியிருந்தால் கோப்பு இப்படித்தான் வரும். ஐந்து மாதமாக இதைத் தேடத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

கதவைத் திறந்த யோவானா உண்மையிலேயே அழகாக இருந்தாள். அது வலித்தது. ரலிட்சா நோட்டரி அலுவலகத்திலிருந்து வருவதாக மட்டும் சொன்னாள்.

"அய்யோ, இந்தப் பாழாப்போன ஃபைலால உங்களுக்கும் அலைச்சலா? வாராவாரம் எனக்கு ஒரு மணி நேரம் போகுது. அந்தக் கம்ப்யூட்டர்காரர் உக்காந்தா எழுந்திரிக்க மாட்டார். பேசுவார், பேசுவார், பேசிக்கிட்டே இருப்பார். போங்கன்னு சொல்லவும் முடியல."

"நீங்க காப்பி, கீப்பி குடுத்து உக்கார வைப்பீங்களோ என்னவோ."

"நானா? காப்பியும் அவரேதான் வாங்கிட்டு வருவார். ஆனா ஒண்ணு, அவர் கொண்டு வர்ற பனிட்சா இருக்கே, அப்படி ஒரு ருசி. எந்தக் கடைன்னு கேட்டா மட்டும் வாயத் திறக்க மாட்டார்."

ரலிட்சா கணினி முன் உட்கார்ந்து முகவரிப் பட்டியலைத் திறந்தாள். மற்ற எல்லா முகவரிகளும் சாதாரணமாக இருந்தன. நோட்டரி அலுவலகத்தின் முகவரியில் மட்டும், இவருக்கு இந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் அனுப்பு என்று ஒரு தேர்வு செய்யப்பட்டிருந்தது.

"இத நீங்க மாத்தினீங்களா?"

"அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே. மே மாசம் அட்ரஸெல்லாம் அவர்தான் ஏத்திக் குடுத்தார்."

ரலிட்சா அதை எடுத்துவிட்டாள். அங்கிருந்தே மறுபடி அனுப்பிவிட்டுத் திரும்பினாள். அலுவலகத்தில் கோப்பு வேர்டாகவே வந்திருந்தது, பட்டென்று திறந்தது. இத்தனை நாள் தான் வாய்க்கு வந்தபடி திட்டிய யோவானா மேல் ஒரு தப்பும் இல்லை. அதற்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். முன்னைவிட அதிகமாகத்தான் எரிந்தது. வீட்டில் அவனிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய், பனிட்சா சுடவில்லை. ஸ்விலென் இஸ்திரிச் சட்டையோடு, பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கிளம்பினான். ஒன்பதரைக்குக் கோப்பு நல்லபடியாக வந்தது. ரலிட்சா யாரையும் கூப்பிடவில்லை. பத்தேகாலுக்கு அவனே கூப்பிட்டான்.

"என்ன, இன்னிக்கு உன் போனே வரல? ஃபைல் கெட்டுப் போய் வரலையா?"

"இல்ல. ஒழுங்கா வந்துருச்சு."

"நல்லாப் பாத்தியா? எதுக்கும் நான் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துடறேனே."

"போயிட்டு வா" என்றாள் ரலிட்சா. "இன்னிக்குப் பனிட்சா எந்தக் கடையில வாங்கப் போற?"