செம்புத் தகட்டில் வைத்த கை

"யம்மா, அப்பா கையத் தூக்கி இந்தத் தகட்டு மேல வையி. அமுக்க வேண்டாம். சும்மா வச்சாப் போதும்."

வெள்ளைத்தாய் புருசனின் இடது கையைத் தூக்கி, கட்டில் பலகையில் மகள் பாண்டிச்செல்வி ஒட்டியிருந்த செம்புத் தகட்டில் வைத்தாள். தகட்டிலிருந்து ஒரு ஒயர் பச்சை நிறப் போர்டுக்கும், போர்டிலிருந்து இன்னொன்று லேப்டாப்புக்கும் போயின. போர்டில் விளக்கு எரிந்தது, பஸ்ஸர் கீச்சென்று கத்தியது. சற்று நேரத்தில் இரண்டும் அடங்கிவிட்டன. கை மட்டும் அப்படியே இருந்தது.

"என்னத்தா, செத்துப்போச்சா?" என்றாள் வெள்ளைத்தாய்.

அந்த வார்த்தை பாண்டிச்செல்விக்குப் பிடிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினாள்.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிய மொக்கைச்சாமிக்குப் பக்கவாதம் வந்து மாசக்கணக்காகிவிட்டது. பேச்சு போய், வலது பக்கம் போய், மிச்சம் இருந்தது இந்த இடது கைதான். அதுவும் மெல்ல நகரும், ஒரு பொத்தானை அமுக்கத் தெம்பில்லை. விருதுநகர் டாக்டர் நேற்று, "வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாண்டிச்செல்வி பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். தொட்டாலே உணர்ந்துகொள்ளும் சென்சாரைச் சோதித்துப் பார்க்க வரும் இவால்யுவேஷன் போர்டு ஒன்றை மேனேஜரிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். மற்றவர்கள் வந்து பார்க்கிறபோதுதான் அப்பாவுக்குத் தண்ணீர், அப்பாவுக்குத் துணை. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவையாவது அவராக யாரையாவது கூப்பிட்டுவிட வேண்டும்.

"போற மனுசனுக்குக் காலிங்பெல்லு! நம்ம வீட்டுக்குக் கதவே ஒழுங்கா இல்ல" என்றாள் வெள்ளைத்தாய். சொன்னாளே தவிர, கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை.

முதலில் ஒயர் சரியில்லை என்றாள் பாண்டிச்செல்வி. பிறகு டேப் சரியில்லை என்றாள். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அவள் விரலை வைத்து எடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகக் கத்தியது. அப்பா கை வைத்தால் மட்டும் கொஞ்சம் கத்திவிட்டு ஊமையாகிவிட்டது.

"யப்பா, வச்சிட்டு எடுத்துரணும்ப்பா."

மொக்கைச்சாமி மகளைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை. உள்ளங்கை முழுவதும் தகட்டில் படும்படி இன்னும் நன்றாக வைத்துக்கொண்டார்.

வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவுக எடுக்க மாட்டாக. மருந்து ரூம்பு வாசல்ல இதே மாதிரி செம்புத் தகடு உண்டுமில்ல? உள்ள போகுமுன்ன கைய வச்சு, ஒடம்புல உள்ள கரண்டு மண்ணுக்குள்ள எறங்குற வரைக்கும் நிக்கணும். அவசரப்பட்டு எடுத்தா வெடிச்சுப்போகும்னு புதுசா வாரவுகளுக்கெல்லாம் சொல்லுற ஆளு. இப்பப் போயி எடுன்னா எடுப்பாகளா?"

பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. கை வெகுநேரம் நகராமல் இருந்தால், அதுவும் தகட்டில் ஒரு பகுதி என்று போர்டு நினைத்துக்கொள்ளும். தண்ணீர்த் துளியோ தூசியோ கிடந்தால் ஏமாறாமல் இருக்க வைத்த ஏற்பாடு. அவள் லேப்டாப்பில் அந்த நேரக் கெடுவைத் தேடி நீக்கினாள். இனிமேல் கை இருக்கிறவரை சத்தமும் இருக்கும்.

வெள்ளைத்தாய் அடுப்படிக்குப் போனாள். பஸ்ஸர் கத்தியது. ஓடி வந்தாள்.

"என்ன வேணும்? தண்ணியா? பொரண்டு படுக்கீகளா?"

அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவள் உட்கார்ந்ததும் கை தகட்டிலிருந்து சரிந்தது. எழுந்து நடந்ததும் மறுபடி ஊர்ந்து ஏறியது. தெருவே எட்டிப் பார்த்தது. "மாமா கூப்பிடுறாரு, போங்கத்தே" என்று எதிர்வீட்டு மாரிசெல்வி கத்தினாள்.

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து இந்த மனுசன் என்னைய வாய்விட்டுக் கூப்பிட்டதில்ல. வாசல்ல வந்து செருமுவாக, நாந்தான் ஓடணும். இப்பப் பாரு, எம்புட்டுக் கூப்பாடு!" என்றாள் வெள்ளைத்தாய். திட்டுவது போலத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது முகமெல்லாம் சிவந்திருந்தது. அம்மாவை இப்படிப் பார்த்ததே இல்லையே என்று பாண்டிச்செல்விக்குச் சந்தோசமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் போர்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாய் பூண்டு உரிக்க முறத்தோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் உட்கார்ந்த பிறகும் கை சரியவில்லை.

"நிறுத்தவாம்மா? காது வலிக்குது."

"இருக்கட்டும்த்தா. இத்தன வருசத்துக்கும் சேத்துக் கூப்பிடுறாக."

சத்தத்துக்கு மேல் சத்தமாக அவள் பேசிக்கொண்டிருந்தாள். சீசன் ஆர்டர் ஏகப்பட்டது வந்து கிடக்கிறதாம். அவர் இருந்த மருந்து ரூமுக்கு யாரோ புது ஆளாம். பாண்டிச்செல்வி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். போர்வை ஏறி இறங்கவில்லை. பஸ்ஸர் மட்டும் மாறாமல் கத்திக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிற கைக்கும் இல்லாத கைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

"யம்மா..."

வெள்ளைத்தாய் பேச்சை நிறுத்தினாள். புறங்கையை அவர் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் போட்டுறாத தாயி. ஊரு வந்துச்சுன்னா என்னையத் தள்ளி ஒக்கார வச்சிருவாக. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

பாண்டிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் பேசிக்கொண்டே வாசலைக் கடந்தார்கள். தெருமுனையிலேயே அவர்களிடம் மாரிசெல்வி காலையில் நடந்த கதையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒருத்தி வெளியிலிருந்தே கேட்டாள்:

"என்னத்தே, மாமா இன்னும் கூப்பிட்டு முடிக்கலையா?"

"இல்லத்தா, கூப்பிடுறாக" என்றாள் வெள்ளைத்தாய். குரல் பிசிறவில்லை. வெளியே சிரித்துக்கொண்டே போனார்கள்.

லேப்டாப்பின் ஓரத்தில் பேட்டரி குறைந்துவிட்டது என்று காட்டியது. கரண்ட் வருகிற மாதிரித் தெரியவில்லை; லேப்டாப் அணைந்தால் பஸ்ஸரும் நின்றுவிடும். பாண்டிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையின் வெளிச்சத்தை முழுவதுமாகக் குறைத்து வைத்தாள்.