மேட்டில் ஏறாத பூதம்

ஓடைமேட்டுக்குப்பத்தில் ராஜவேலுவின் பெயர் கெட்டுப்போனதற்குக் காரணம் ஒரு பூதத்தின் கண். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஊர்க்கூட்டத்துக்கும் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்து முடித்துவிட்டு அவனைப் பாட்டிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

பாடு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் இடங்கள் குறைவு, வலை வைத்திருப்பவர்கள் அதிகம். ஆகவே வருடத்துக்கு ஒரு முறை ஊர் கூடிச் சீட்டெடுத்து, எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைதான் பாடு. அடுத்தவன் பாட்டில் வலையை இறக்குவது அங்கே திருட்டைவிடக் கேவலம். திருடனோடு கூட உட்கார்ந்து டீ குடிப்பார்கள், பாடு தாண்டியவனோடு குடிக்கமாட்டார்கள்.

முறை இல்லாத நாளில் ஆண்களுக்கு வேலை கிடையாது. அந்தச் சும்மா இருக்கிற பொழுதில்தான் பூதங்கள் ஊருக்குள் புகுந்தன. கூட்டி வந்தவன் ஜெரோம், ராஜவேலுவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஏதோ ஒரு கிளப்பில் பொம்மைச் சண்டை பழகியிருந்தான். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பூதங்கள், எலும்புக்கூடுகள், மந்திரவாதிகள். அவற்றை ஒட்டிப் பெயின்ட் அடித்து, மேசைமேல் பொம்மைக் காடும் பாறையும் வைத்து, இரண்டு படைகளாக நிறுத்த வேண்டும். டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். யார் வெட்டினார், யார் செத்தார் என்பதைப் பகடை சொல்லும். மேசை நடுவில் ஒரு மேடு இருக்கும். ஆட்டம் முடியும்போது அதில் நிற்பவனுக்குப் பெரிய புள்ளி.

ஊர் ஆண்கள் இதில் விழுந்த வேகம் கொஞ்ச நஞ்சமல்ல. மீன் ஏலம் விடும் கொட்டகையில் ஐஸ்பெட்டிகளை அடுக்கி, மேலே ஒரு பழைய கதவைப் போட்டால் போர்க்களம் தயார். ராஜவேலு பச்சைப் பூதப் படையை எடுத்துக்கொண்டான். அவன் மனைவி மாலாவின் அண்ணன் முத்துராஜ் எலும்புக்கூட்டுப் படையை எடுத்தான்.

முதல் ஆட்டத்திலேயே கலாட்டா. ராஜவேலுவின் பூதம் நின்றுகொண்டிருந்த மேட்டில் முத்துராஜின் எலும்புக்கூடுகள் கும்பலாக ஏறின. விதிப்படி அதில் தப்பே இல்லை. ஆனால் ராஜவேலுவுக்கு ரத்தம் கொதித்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் இளவழகனை அழைத்துவந்தார்கள். அவர் கதவைச் சுற்றி நடந்து, குனிந்து, மேட்டை மோந்துகூடப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மேடுன்னா அது ஒரு எடம். எடம்னு வந்தாலே பாடு உண்டு. ரவுண்டுக்கு ரவுண்டு சீட்டு எடுங்க. யாரு பேரு வருதோ அவன் ஏறட்டும். மத்தவன் வெளிய நிக்கணும்."

"தலைவரே, ரூல் புக்குல அப்படி இல்லியே" என்றான் ஜெரோம்.

"அந்த புக்க எழுதுனவன் ஏரியில வலை கட்டிக்கீறானா?"

ஜெரோம் ரூல் புக்கை மூடிப் பைக்குள் வைத்தான். அன்று முதல் ஓடைமேட்டுக்குப்பத்தில் மேட்டுக்காக யாரும் சண்டை போட்டதில்லை. மற்ற இடத்தில் ஒருவரையொருவர் கண்டதுண்டமாக வெட்டிக்கொண்ட பூதங்களும் எலும்புக்கூடுகளும், மேட்டடிக்கு வந்ததும் ரேஷன் கடை வரிசை போல ஒழுங்காக நின்றன.

இந்த நிலையில்தான் அந்தக் கண் வந்து சேர்ந்தது. ராஜவேலுவுக்கு முறை வந்த ஒரு நாள். வலையை இழுத்துப் படகில் போட்டுவிட்டு, படகை ஒரு கழியில் கட்டிக்கொண்டு, பெரிய பூதத்தைக் கையில் எடுத்தான். உடம்பெல்லாம் பெயின்ட் ஆகிவிட்டது, கண் மட்டும் பாக்கி. ஒற்றை மயிர் பிரஷ், மூச்சை அடக்கிக்கொண்டு வைக்கவேண்டிய வெள்ளைப் புள்ளி. அவன் மூச்சை அடக்கியிருந்த நேரத்தில் கயிறு அவிழ்ந்துகொண்டது. வாடைக்காற்று படகைத் தள்ளிக்கொண்டு போனது. புள்ளி சோக்காக விழுந்த சந்தோஷத்தில் தலையை நிமிர்த்தினால், படகு முத்துராஜின் பாட்டுக்கு நட்டநடுவில் நின்றது. படகில் ஈர வலை. எதிரே, இடுப்பளவு தண்ணீரில், முத்துராஜ்.

"பூதத்துக்குக் கண்ணு எழுதிக்கினு இருந்தேன்" என்று ஊர்க்கூட்டத்தில் ராஜவேலு சொன்னான். அது சத்தியம். உலகத்தில் எந்தக் கூட்டமும் ஏற்றுக்கொள்ளாத சத்தியம்.

சிரிப்பு அடங்கியதும் இளவழகன் சொன்னார்: "தை பொறந்ததும் புதுச் சீட்டு எடுக்கப்போறோம். அதுக்குள்ள ஊருக்கு உன்மேல நம்பிக்கை வந்தா உன் பேரும் இருக்கும். வரலன்னா இல்ல. அதுவரைக்கும் உனக்குப் பாடு கெடையாது."

"ஏரியில பாடு இல்லாதவனுக்கு மேசையிலயும் பாடு இல்ல" என்று முத்துராஜ் ஒரு முடிச்சைச் சேர்த்துப் போட்டான். கூட்டம் அதையும் ஒப்புக்கொண்டது.

வீட்டில் மாலா மீன் ஆய்ந்துகொண்டே பேசினாள். அரிவாள்மணை அவளுக்குப் பதிலாகக் கோபப்பட்டது. "நீ தாண்டலன்னு எனக்குத் தெரியும்யா. எனக்குத் தெரிஞ்சு இன்னா பிரயோஜனம்? சீட்டுல பேரு இல்லாதவன் பொண்டாட்டின்னு ஏலக்கொட்டாயில என்னைப் பாத்தா பேச்ச நிறுத்திடறாளுங்க. நீ வலை எறக்குனன்னு எங்க அண்ணன் கூட்டத்துல சத்தியம் பண்ணிட்டான், அவன் வாயாலதான் இது தீரணும். அவன் வாயி இந்த ஜென்மத்துல தொறக்காது."

ராஜவேலுவுக்கு ராத்திரி பகல் அதே நினைப்பு. சீட்டெடுக்கும் குடத்துக்குள் தன் பெயர் எழுதிய சீட்டு விழ வேண்டும். அது விழாவிட்டால் அந்த ஊரில் அவன் மூச்சு விடுகிற ஆள், அவ்வளவுதான்.

இதற்கிடையே மேட்டில் ஏற உரிமை இல்லாத அவனுடைய படை பயங்கரமாகத் தேறிவிட்டது. மேட்டுப் புள்ளி கிடைக்காதவனுக்கு வேறு என்ன வழி? எதிரில் இருப்பதை ஒன்று விடாமல் வெட்டிச் சாய்க்க வேண்டியதுதான். அதை அவன் வெறியோடு பழகினான். அப்போதுதான் சென்னையில் போட்டி என்று ஜெரோம் செய்தி கொண்டுவந்தான். கோப்பை, கொடி எல்லாம் உண்டு. ஊரில் எல்லாருக்கும் போக ஆசை, ஆனால் இறால் ஓடுகிற சமயம், யாராலும் முறையை விட முடியாது. சும்மா இருந்தவன் பாடு இல்லாத ராஜவேலு ஒருவன்தான். ஆக, ஊர் நம்பாத ஆளை ஊரின் பெயரில் ஊரே அனுப்பி வைத்தது.

"கோப்பையோட வந்தா ஊரு மனசு எளகும்" என்று ஜெரோம் ரயிலில் சொன்னான். ராஜவேலு தெர்மாகோல் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டான். உள்ளே பூதங்கள் இருந்தன. போன வாரம்வரை அதில் நண்டு இருந்தது.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. ஏ.சி. ஓடியதால் நண்டு வாசனை வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. தாடி வைத்த பையன்கள் ஆங்கிலத்தில் கைகொடுத்துவிட்டு, கையை மோந்து பார்த்தார்கள். பிறகு தோற்றார்கள். ராஜவேலு ஒருவனைக்கூட மேட்டில் ஏறி ஜெயிக்கவில்லை. மேடு அவர்களிடம் இருந்தது, ஏறி நிற்கத்தான் அவர்களிடம் ஆள் இருக்கவில்லை. ஒரு பையன் தன் கடைசிக் குதிரைவீரனைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பெட்டியில் வைத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் இறுதி ஆட்டம். எதிரே ஜெனிஃபர் என்ற பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அமைதியான கை. ஜெரோம் தன் செல்போனை ஒரு பொம்மைக் கோட்டையின்மேல் சாய்த்து வைத்து ஊருக்கு வீடியோ கால் போட்டான். அங்கே வலைகளை உலர்த்திவிட்டு மொத்தக் குப்பமும் ஏலக்கொட்டகையில் ஒரே போன் முன்னால் உட்கார்ந்திருந்தது. முத்துராஜின் முகம்தான் திரையில் பாதியை அடைத்தது. ஆரம்பாக்கத்துச் சொந்தக்காரர்களிடமெல்லாம் கோப்பை வருகிறது என்று அவன் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான்.

கடைசி ரவுண்டு வந்தது. புள்ளி சரிசமம். ஜெனிஃபர் பக்கம் மிஞ்சியது ஒரு கிழட்டு மந்திரவாதி. மேட்டின்மேல் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான், அம்பு எட்டாது. மேட்டுக்கு வெளியே, ஓரத்தை உரசிக்கொண்டு, ராஜவேலுவின் பெரிய பூதம் நின்றது. ஓர் அடி எடுத்து வைத்து ஏறினால் போதும். மந்திரவாதி சட்னி, கோப்பை ஊருக்கு.

ராஜவேலு டேப்பைக் கையில் எடுத்தான், கீழே வைத்தான்.

"இந்த மேடு இப்ப யாரு பாடும்மா?" என்று ஜெனிஃபரைக் கேட்டான்.

"புரியல அங்கிள்."

"இந்த ரவுண்டு மேடு யாருக்குன்னு சீட்டு எடுக்கலியே?"

நடுவர் வந்தார். சீட்டெல்லாம் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றார்.

"யாரு வேணாலும்னா எப்பிடிங்க? அங்க ஒரு ஆளு நிக்கிறாருல்ல."

"அவரைக் கொல்றதுக்குத்தான் சார் ஏறணும்."

"கொல்றது வேற விஷயம். வெளிய வந்தாருன்னா கொல்றேன். அவரு எடத்துல எப்பிடி நான் கால வைக்கிறது?"

மண்டபத்தில் மற்ற மேசைக்காரர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். ராஜவேலுவுக்கு வேர்த்துக் கொட்டியது. கோப்பை வேண்டும், கோப்பை இருந்தால்தான் சீட்டில் பெயர். ஆனால் கோப்பைக்கு அடுத்தவன் இடத்தில் ஏற வேண்டும், அதையும் ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஊர் பார்க்காவிட்டாலும் தன்னால் ஏற முடியாது என்பது அந்தக் கணத்தில்தான் அவனுக்கே தெரிந்தது. பூதத்தைத் தூக்கினான். தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தான்.

கோட்டையின்மேலிருந்து முத்துராஜின் குரல் வெடித்தது. "மாப்ள, ஏறு மாப்ள. இன்னா நின்னுக்கினுகீற? அது மெட்ராஸ்காரங்க மேடு, நம்ம ஏரி இல்ல."

"அவரு இருக்காரு மச்சான்."

"அவரு பிளாஸ்டிக்குடா."

"பாடு பிளாஸ்டிக் இல்லியே."

"அய்யோ, ஒரு அடி. கண்ண மூடிக்கினு ஒரே ஒரு அடி வைய்யி. உன் கால்ல விழறேன் மாப்ள."

ராஜவேலு முடியாது என்று தலையை ஆட்டினான். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். முத்துராஜ் ஊரைப் பார்த்துத் திரும்பித் தலையில் அடித்துக்கொண்டான்.

"பேஜாரு புடிச்ச ஆளு. எங்க தங்கச்சியக் கட்டுன நாளா பாக்குறேன். இவன் செத்தாலும் அடுத்தவன் பாட்டுல கால வைக்கமாட்டான். இவனப் போயி அனுப்பிச்சீங்களே."

ஏலக்கொட்டகையில் எல்லாத் தலைகளும் முத்துராஜ் பக்கம் திரும்பின. பிறகு இளவழகனின் குரல் மெதுவாகக் கேட்டது.

"முத்துராஜு, இப்ப இன்னா சொன்ன?"

"நானா? இன்னா சொன்னேன்?"

"திரும்பச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

"அது... பொம்மையைச் சொன்னேன் தலைவரே."

"பொம்மை தானா நடக்குதா?"

திரையில் முத்துராஜின் முகத்துக்குப் பின்னால் யாரோ ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். அது மாலா என்று ராஜவேலுவுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் கேட்காத சிரிப்பு.

"ஈர வலையோட வந்தான், நான் கண்ணால பாத்தேன்" என்று முத்துராஜ் முனகினான்.

"வலையப் பாத்த. எறக்குனதப் பாத்தியா?"

"பாக்கல" என்றான் முத்துராஜ். "கோவத்துல சொல்லிட்டேன்."

நடுவர் மணியடித்தார். கோப்பை ஜெனிஃபருக்குப் போனது. அவள் கைகொடுக்க வந்தபோது ராஜவேலு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். தோற்றதற்காக அழுகிறான் என்று அவள் பதறிப்போய், "சாரி அங்கிள், நெக்ஸ்ட் டைம் நீங்க ஏறிடுங்க" என்றாள். ஜெரோம் அவளுக்கு விளக்க முயன்றான். பாதியில் தனக்கே புரியாமல் விட்டுவிட்டான்.

ஊர் அவனைக் கொண்டாடும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு மீனவர்களைத் தெரியாது. ஊருக்குள் காலை வைப்பதற்குள் திட்டு தொடங்கியது. கைக்கு வந்த கோப்பையைத் தண்ணீரில் விட்டுவிட்டான் என்று பெரியவர்கள் திட்டினார்கள், பெண்கள் திட்டினார்கள். "அந்த ஒரு அடிய வச்சிருந்தா உன் சொத்தா போயிடும்?" என்று மாலாவும் திட்டினாள், வஞ்சிரம் வறுத்துக்கொண்டே. அடுத்த வருடப் போட்டிக்கு முத்துராஜ்தான் போக வேண்டும் என்று ஊர் ஒருமனதாகத் தீர்மானித்தது. கூச்சநாச்சம் இல்லாமல் ஏறுகிற ஆள் வேண்டும் என்று இளவழகன் காரணம் சொன்னார். முத்துராஜ் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டானா என்பது தெரியவில்லை.

தை பிறந்தது. ஊர் கூடியது. குடத்துக்குள் கைவிட்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து இளவழகன் படித்தார். பெயர் வந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டார்கள். அது அவர்களுக்கு வருடாவருடம் நடப்பதுதான்.

"ராஜவேலு."

ராஜவேலு எழுந்து நின்றான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல உரக்கச் சொன்னான்.

"இருக்கேன்."

இருக்கிறாயா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. சீட்டெடுக்கும் இடத்தில் யாரும் அப்படிச் சொல்லும் வழக்கமும் இல்லை. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துராஜ் அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தான்.

"தெரியும் மாப்ள" என்றான். "உக்காரு."