ஒண்ணும் பண்ணாது

கோகுல்நாத்தின் டோபர்மேன் நாய் ரைஹானாவின் தோளில் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி வைத்தபோது, நாங்கள் எல்லோரும் கைகளை மேலே தூக்கி "ஹோ ஹோ" என்று சிரித்துக்கொண்டிருந்தோம். முகப்பேர் பூங்காவில் தினமும் காலையில் நடக்கும் சிரிப்பு வகுப்பு அது. பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கோமளாதான் எங்களுக்குத் தலைவி. அவள் கை தூக்கினால் நாங்களும் தூக்க வேண்டும். சிரிப்பு வருகிறதோ இல்லையோ, வாயைத் திறந்து சிரித்தாக வேண்டும். அதனால் ரைஹானா சிரிக்கிறாளா அலறுகிறாளா என்று புரியவே எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது அவள் புல்லில் விழுந்து கிடந்தாள். துப்பட்டா கிழிந்திருந்தது. நல்லவேளை, பல் படவில்லை.

"ஒண்ணும் பண்ணாது ஆன்ட்டி, விளையாடுறான்," என்றான் கோகுல்நாத். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே சொன்னான். நாயின் கழுத்தில் இருக்க வேண்டிய சங்கிலி அவன் கழுத்தில் மாலையாகத் தொங்கியது.

"இன்னாப்பா, உங்க ரெண்டு பேர்ல யாரு யாரை இட்டாந்தீங்க?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. "நீங்க கையத் தூக்கிக் கத்துறீங்கல்ல, அதான் டைசன் பயந்துட்டான். கொஞ்சம் மெதுவா சிரிங்க," என்று எங்களுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நாயை நானே கடித்திருப்பேன்.

ரைஹானா எங்கள் எதிர்வீடு. புருஷன் இறந்துபோய், வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா முடிந்து மாதக்கணக்கான பிறகும் அவள் வாசல் தாண்டவில்லை. பால் பாக்கெட் எடுக்கக்கூடக் கை நுழையும் அளவுக்குத்தான் கதவைத் திறப்பாள். "லோகநாயகிக்கா, என்னை விட்டுடுங்க" என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல் நான்தான் பூங்காவுக்கு இழுத்து வந்தேன். முதலில் சும்மா நின்றாள். பிறகு கை தூக்கினாள். அந்த வாரம்தான் வாயைத் திறந்து, பொய்யாகவாவது, சிரிக்க ஆரம்பித்திருந்தாள். நாய் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. மறுநாள் போய்க் கூப்பிட்டால் கதவு பழையபடி கையளவுதான் திறந்தது.

"வேணாங்க்கா. நான் ஊட்லயே கீறேன்."

பூங்கா காவலாளியிடம் போய்ச் சொன்னேன். "அவரு ஒண்ணும் பண்ணாதுன்றாரேம்மா," என்றார். அன்று முழுக்க யோசித்தேன். சண்டை போட்டால் அவன் காதில் மாட்டியிருக்கும் போனைத் தாண்டி உள்ளே போகாது. நமக்குத் தெரிந்த வித்தையைத்தான் காட்ட வேண்டும். கோமளாவிடம் சொன்னேன். "கையத் தூக்கினா நாய் மிரளும், கையக் கட்டிக்கிட்டுத்தான் சிரிக்கணும்," என்று அவள் உடனே திட்டத்தைத் திருத்தினாள். டீச்சர் டீச்சர்தான்.

அடுத்த நாள் டைசன் அவிழ்த்துவிட்ட கன்றாக ஓடி வந்து, நடைபயிற்சி செய்த பெரியவர் ஒருவரை மரத்தோடு ஒட்ட வைத்தது. பின்னாலேயே கோகுல்நாத் வந்தான். "சார், ஒண்ணும் பண்ணாது," என்றான்.

கோமளா தலையசைத்தாள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு, அவனைப் பார்த்து, மூச்சுப் பிடித்துச் சிரித்தோம்.

அவன் திடுக்கிட்டுக் காதிலிருந்ததைக் கழற்றினான். "இல்ல, நிஜமாவே ஒண்ணும் பண்ணாது," என்றான். மறுபடி சிரித்தோம். மரத்தோடு ஒட்டியிருந்த பெரியவரும் சேர்ந்துகொண்டார். டைசன் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பிட்டத்தைத் தரையில் வைத்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது, பிறகு தன் முதலாளியைப் பார்த்தது. அந்தப் பார்வையைக் கண்டதும் எங்களுக்கு நிஜச் சிரிப்பே வந்துவிட்டது. இத்தனை வருஷ வகுப்பில் வராத சிரிப்பு. கோமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள். சிமென்ட் பாதையில் நடந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கோகுல்நாத் காது வரை சிவந்து, நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் விட்டுவிடவில்லை, நாங்களும்தான். பூங்கா முழுக்க இது தொற்றிக்கொண்டது. அவன் "ஒண்" என்று ஆரம்பித்தாலே சறுக்குமரப் பக்கத்திலிருந்துகூடச் சிரிப்பு கேட்கும். கடைசியில் ஒருநாள் சங்கிலி இடம் மாறி டைசனின் கழுத்துக்கு வந்தது.

ரைஹானா வீட்டு வாசலில் நின்று இதையெல்லாம் நடித்துக் காட்டினேன். பெரியவர் மரத்தைக் கட்டிக்கொண்டதைக் காட்டக் கதவையே கட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தாள்.

"நெசமாவே கட்டிப்போட்டானாக்கா?"

"நீயே வந்து பாரு."

மறுநாள் வந்தாள். என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் நகம் என் சதையில் பதிந்தது. உள்ளே நுழைந்து வளைவில் திரும்பியதும் எதிரிலேயே டைசன். ரைஹானா அப்படியே நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று அவள் கையின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன். இன்றைக்குப் போனால் பிறகு கூப்பிட நானும் துணிய மாட்டேன்.

கோகுல்நாத் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினான். நாயை இழுத்துக்கொண்டு, நடைபாதையை விட்டு, ஈரப் புல்லில் இறங்கி நின்றான். வழக்கம்போல ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். எங்களைப் பார்த்தான். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "நீங்க போங்க ஆன்ட்டி, நான் புடிச்சுக்கிட்டிருக்கேன்," என்றான்.

அவன் விழுங்கியது எது என்று ரைஹானாவுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. துப்பட்டாவால் வாயைப் பொத்தினாள், பொத்தியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, என் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

"ஏய், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்று அந்தக் கோடியிலிருந்து கோமளா கத்தினாள். ரைஹானாவுக்கு நிறுத்த முடியவில்லை. புல்லில் கோகுல்நாத்தும் டைசனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.