தகரப் பெட்டிக்குள் ஒரு சாமுராய்ப் படை

தகரப் பெட்டியின் மூடியைக் கண்டதும் அருந்ததிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய பிஸ்கட் பெட்டி அது. மூடியில் ஒரு வெள்ளைத் தாள். அதில் கறுப்பு மார்க்கர் பேனையால், ஆங்கிலத்தில், கொட்டை கொட்டையாக எழுதி ஒட்டியிருந்தது: "சாமுராய் ஆமி. கொமாண்டர்: கே. தில்லைநாதன்."

"அண்ணா, உதென்ன?"

தில்லைநாதன் கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தான். "லேபல். மாறிப்போகக் கூடாதெல்லே."

"ஆற்ற பெட்டியோட மாறப்போகுது? கொழும்பில வேற ஆர் சாமுராய்ப் படையைத் தூக்கிக்கொண்டு திரியினம்?"

"காலங்காத்தால தொடங்காதை, அருந்ததி."

தொடங்காமல் என்ன செய்வாள்? அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு சிப்பாயும் அவள் கைபட்டு எழும்பியவன்.

கொட்டாஞ்சேனையில் பேர்னாட் என்றொருவர் இருந்தார். துறைமுகத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பிளைகள் கூடி, பெரிய மேசையில் ரிஜிபோம் அட்டையில் வெட்டிய மலைகளையும் பச்சைத் துணி வயல்களையும் பரப்பி, பழைய காலத்துச் சண்டைகளைச் சின்னப் பொம்மைப் படைகளால் திரும்ப நடத்துவார்கள். அளவுகோலால் அளந்து நகர்த்துவது, தாயக்கட்டை உருட்டிச் சாவைத் தீர்மானிப்பது. வடக்கில் ஷெல் விழுகிற காலத்தில் இவர்களுக்கு இது ஒரு விளையாட்டா என்று அருந்ததி முதலில் முகம் சுளித்தவள்தான்.

அடுத்தது ஜப்பான் சண்டை என்று முடிவானது. ஒரு பக்கம் பேர்னாட், மறுபக்கம் தில்லைநாதன். லண்டனில் இருக்கும் மச்சானுக்கு எழுதி, ஈய வார்ப்புப் பொம்மைகளை வருவித்தான். பெருவிரலின் ஒரு கணு உயரம். கை வேறு, வாள் வேறு, தலைக்கவசம் வேறாக வந்தன. தில்லைநாதன் முதல் பொம்மையை ஒட்டப்போய், தன் விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டு, அன்றோடு பெட்டியை மூடிவிட்டான்.

அருந்ததி வெள்ளவத்தையில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் பொய்ப்பல் செய்கிறவள். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் மெல்லிய மஞ்சள் நிழல் போடத் தெரிந்த கைக்கு, கவசத்தின் நூல்கட்டு வரிகள் பெரிய காரியமா? பல் துளைக்கும் ஊசியால் ஒவ்வொரு சிப்பாயின் முதுகிலும் துளை போட்டாள். பல்லுக்கு வளையம் கட்டும் கம்பியை வெட்டி ஈட்டியாக்கினாள். அதே கம்பியில் முதுகுக் கொடிகள் நட்டாள். ஒரே அணிக்கு ஒரே சின்னம். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாருடைய ஆள் என்று தெரியவேண்டும், அதுதான் அந்தக் காலத்து ஜப்பான் வழக்கம்.

"எல்லாருக்கும் வாளைக் குடு, வீரமாய் இருக்கட்டும்" என்றான் தில்லைநாதன்.

"வாள்காரர் எல்லாம் பெரிய இடத்துப் பிள்ளையள் அண்ணா. சண்டையில நிண்டு பிடிச்சது அஷிகாரு எண்ட கூலிச் சிப்பாய்தான். ஈட்டியும் துவக்கும்தான் கனக்க வேணும்" என்றாள் அவள். வாசித்துத்தான் சொன்னாள். படையில் முக்காற்பங்கு வெறுங்கால் ஈட்டிக்காரர். அதுவும் அவள் முடிவு.

அப்படியிருக்க, போன கிழமை பேர்னாட்டின் மனைவி செலீன் தொலைபேசியில் சொன்னாள்: "உங்க அண்ணாக்கு என்னா கை மிஸ்! நாலு பொம்மைய கொண்டாந்து காட்டினார். பொம்பளைக்கே வராது இந்தப் பொறும!"

அருந்ததி ரிசீவரை வைத்தாள். பேர்னாட் வீட்டு மேசைக்கு ஒரு சட்டம் உண்டு: படையைக் கட்டியவர்தான் படையை நடத்தவேண்டும். மற்றவர் தீட்டிய பொம்மைக்கு அங்கே இடமில்லை. அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டுதான் அண்ணன் வாயை மூடிக்கொண்டு பாராட்டை வாங்கியிருக்கிறான்.

"நான் நடத்திறன், நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஆம்பிளையள் கூடுற இடம். நீ செலீன் அக்காவோட இருந்து கதைக்கலாம்" என்றான்.

இன்றைக்குத்தான் அந்தச் சண்டை. இப்போது லேபல் வேறு.

இருவரும் ஏறிய முச்சக்கரவண்டி கொட்டாஞ்சேனைக்குப் போகக் காலி வீதியில் ஏறியது. பெட்டி தில்லைநாதனின் மடியில், மூடி மேலே தெரிய, கல்யாணத்துக்குத் தாம்பூலம் கொண்டுபோவது மாதிரி இருந்தது.

செக்பொயின்றில் ஆமிக்காரர் கை காட்டினார்கள். இறங்கச் சொன்னார்கள். வழக்கம்தான், தமிழ்ப் பெயர், யாழ்ப்பாணத்தில் எடுத்த அடையாள அட்டை, வெள்ளவத்தை விலாசம். மூன்றும் சேர்ந்தால் இறங்காமல் போனதாகச் சரித்திரமில்லை. வேலைக்குப் போகிறவர்களை வெயிலில் நிறுத்தி, கைப்பையைக் கிண்டி, "எங்கே போகிறாய்" என்று கேட்பதை இவள் எத்தனை தரம் பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறாள்!

இளம் சிப்பாய் மூடியை வாசித்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். "ஆமி... கொமாண்டர்..."

அவன் முகம் மாறியது. துவக்கைச் சரிசெய்துகொண்டு சார்ஜனைக் கூப்பிட்டான். சார்ஜன் வந்து மூடியைத் திறந்தார். பஞ்சுக்குள்ளிருந்து கம்பிகள் முள்ளம்பன்றி மாதிரி நிமிர்ந்து நின்றன. கம்பியைக் கண்டால் கொழும்பில் அந்த நாளில் குண்டோ என்று யாருக்குத்தான் ஈரல் நடுங்காது!

சார்ஜன் ஓரடி பின்னால் போனார். "மே மொனவாத?" இது என்ன என்று கேட்டார். பிறகு மூடியையும் தில்லைநாதனையும் மாறி மாறிப் பார்த்தார். "கவுத கொமாண்டர்?"

யார் தளபதி என்ற கேள்வி வந்ததும் தில்லைநாதனின் மீசை தொங்கிப்போயிற்று.

"மம நெவெய், சேர்! நான் இல்லை! மகே நங்கி!" தங்கச்சிதான் என்று விரலை நீட்டியே காட்டினான். "எல்லாம் அவள்தான் செய்தது, நான் ஒண்டிலயும் கை வைக்கேல்லை! பெட்டிய விதரய் மகே. பெட்டி மட்டும்தான் என்ட!"

அருந்ததி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தார் வீதியைப் பார்த்தான்.

சார்ஜன் இப்போது அவளிடம் கேட்டார். "கவுத கொமாண்டர்?"

"மம தமய்" என்றாள். நான்தான்.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோபம் பயத்தைவிட உயரமாய் நின்றது. பெட்டியை வாங்கி மணல்மூட்டையின் மேல் வைத்து, ஒவ்வொன்றாய் எடுத்து நிறுத்தினாள். இது ஈட்டிக்காரன், இது துவக்குக்காரன், இந்தக் கம்பி பல்லுக்குக் கட்டுகிற கம்பி, இதோ என் வேலைத்தல அட்டை என்று சிங்களத்தில் படபடவென்று சொன்னாள். இளம் சிப்பாய் ஒரு குதிரைவீரனைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

"முதுகில பிடிக்காதேங்கோ, கொடி முறியும்!" என்று அதட்டினாள். துவக்கு வைத்திருப்பவனை அதட்டிவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் கொடி முறிந்துவிட்டது.

சார்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுப் பெட்டியையும் கொட்டிப் பார்த்து, அடையாள அட்டைகளை வயர்லெஸ்ஸில் விசாரித்து, வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு போகவிட்டார். "யன்ன, கொமாண்டர்" என்று அவளைப் பார்த்து ஒரு சலூட் வேறு. போங்கள் தளபதியே என்று கேலி! பொம்மைகளை அவளே நிலத்தில் குந்தியிருந்து பொறுக்கினாள். அந்தக் கேலிக்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் ஏறியது.

கொட்டாஞ்சேனை மேல்மாடிக்கு ஏறியதும் தில்லைநாதன் நேரே போய் மேசையின் தெற்குப் பக்கத்துக் கதிரையில், தளபதியின் இடத்தில், உட்கார்ந்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். மீசை திரும்ப நிமிர்ந்தது.

"லேட்டானதுக்கு சொறி, பேர்னாட். செக்பொயின்றில பெட்டியைத் திறக்கச் சொல்லிப்போட்டாங்கள். நான் விளக்கின விளக்கத்தில சார்ஜன் சலூட் அடிச்செல்லே அனுப்பினவன்!"

இப்படியும் ஒரு மனிசன் இருப்பானா? என்னை முன்னால் தள்ளிவிட்டு, தள்ளிய கை ஆறுமுன்னே சலூட்டையும் திருடுகிறானே!

அவள் மேசைக்கு வந்தாள். அண்ணனுக்கு முன்னால் நின்று, சார்ஜனின் குரலிலேயே கேட்டாள்:

"கவுத கொமாண்டர்?"

தில்லைநாதன் கிளாஸை மேசையில் வைத்தான்.

"சொல்லுங்கோ அண்ணா. அங்க சொன்னதை இஞ்சையும் சொல்லுங்கோ."

"என்னா தில்லை?" என்றார் பேர்னாட்.

"அது... அந்த நேரத்தில... ஒரு இதுக்குச் சொன்னது..."

"இவர் சொன்னது ஒரு இதுக்கு இல்லை" என்று அருந்ததி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "எல்லாம் தங்கச்சிதான் செய்தது, நான் ஒண்டிலயும் கை வைக்கேல்லை எண்டு நடுரோட்டில கத்தினவர். உள்ளதைத்தான் சொன்னவர். இந்த மேசையில கட்டினவர்தானே நடத்த வேணும்?"

தேநீர்த் தட்டோடு நின்ற செலீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, தில்லை சேர்! ஆமி பிடிச்சா தங்கச்சிட, டீ வந்தா உங்கடயா?"

பேர்னாட் சிரிக்கவில்லை. முறிந்த கொடியைக் கண்டு அந்தக் குதிரைவீரனை எடுத்து, முதுகுத் துளையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இது என்னாத்தால போட்டது, தில்லை?"

தில்லைநாதன் தங்கச்சியைப் பார்த்தான்.

"பல்லுத் துளைக்கிற ஊசியால" என்றாள் அருந்ததி. "பசை இருந்தாத் தாங்கோ. அந்தக் கொடியை ஒட்டினாப்பிறகுதான் தொடங்குவன்."

பேர்னாட் பசையை எடுத்துக் கொடுத்து, தாயக்கட்டைகளை அவள் பக்கம் தள்ளினார். தில்லைநாதன் கதிரையை விட்டு மெதுவாய் எழும்பினான்.

அருந்ததி பஞ்சைப் பிரித்து, ஈட்டிக்காரரை முன்னணியில் நிறுத்தினாள். துவக்குக்காரர் வேலிக்குப் பின்னால். குதிரைகள் மலையடியில். கடைசிச் சிப்பாயும் இறங்கியதும் வெறும் பெட்டியை மூடி அண்ணனின் கையில் கொடுத்தாள்.

"பிடியுங்கோ. இது மட்டும்தான் உங்கட."

ஆட்டம் முடியும்வரை தில்லைநாதன் ஓரத்தில், கொமாண்டர் என்று எழுதிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொடி காய்வதற்கு மட்டும் பொறுத்திருந்துவிட்டு, அருந்ததி ஈட்டிக்காரரை முன்னேற்றினாள்.