இரண்டாவது பிரேக்

பல் தேய்த்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, என்னைச் சாகடிப்பது இப்போதெல்லாம் என் வீட்டுக்காரரின் காலை வேலை.

"இன்னிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன்?" என்று கேட்டேன்.

"லாரி. பேசாம இரு, இப்பதான் மனசு அடங்குது."

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் கார்களில் சொல்லித்தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். யாரோ ஒரு மாணவர் வண்டியைச் சுவரில் ஏற்றிய நாளிலிருந்து இவர் கால் அதை விட்டு இறங்குவதில்லை. தூக்கத்திலும் மிதிப்பார், உதை எனக்கு விழும். பொறுக்கமாட்டாமல் மனநல ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கிரேக்கத்து ஸ்டோயிக் ஞானிகள் காலத்திலிருந்தே இருக்கிற பயிற்சிகள்தான், இன்றைக்கும் வேலை செய்யும் என்று அந்த அம்மா இரண்டு சொன்னார். மோசமானதை முன்கூட்டியே நிதானமாக நினைத்துப் பார்த்துப் பழகுங்கள். உங்கள் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

"கையில இல்லீங்க மேடம், கால்ல இருக்கு," என்றார் இவர்.

முதல் பயிற்சி அவருக்கு அல்வா மாதிரி இனித்தது. இரண்டாவதைத் தொடவே இல்லை. வம்பு என்னவென்றால், எனக்கும் கார் சொல்லித்தந்தது அவர்தான். ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. விடியற்காலை ஷிஃப்ட், பஸ் கிடையாது, லைசென்ஸ் இல்லாமல் சேர முடியாது. போன தடவை தேர்வில் நான் அழகாக ஓட்டிப் போய், நிற்க வேண்டிய கோட்டையும் அதே அழகோடு தாண்டினேன். பக்கத்திலிருந்த ஆய்வாளர் அலறிக்கொண்டு தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார்.

"உங்க பிரேக் எங்கேம்மா?"

"அவர்கிட்ட இருக்கு சார்," என்றேன், பின்சீட்டில் இருந்த என் வீட்டுக்காரரைக் காட்டி.

உண்மையைத்தான் சொன்னேன். சொல்லித்தரும்போது நான் மிதிக்குமுன் அவர் மிதித்துவிடுவார். வண்டி தானாக நிற்கும் என்றே என் காலுக்குப் பழகிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். "நான் சாகறத தினமும் பாக்கறீங்களே, நான் பிரேக் போடறத ஒரு நாளாவது நெனச்சுப் பாத்தீங்களா?" மறுநாளிலிருந்து காலி மைதானத்தில் நான் மட்டும் ஓட்டினேன். அவர் வேலியோரம் நின்று தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.

இன்று மறுபடி தேர்வு. பக்கத்தில் அதே ஆய்வாளர், பின்சீட்டில் இவர். திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தார். நான் மிதித்தேன். பின்னாலும் 'தொம்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றது. சைக்கிள்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆய்வாளர் நேராகப் போகச் சொல்லிக் கையை மட்டும் நீட்டினார். கியரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், கண்ணை அகலத் திறந்துகொண்டு.