முட்டிக்கொண்ட பாக்கெட்டுகள்

என் தம்பி தையற்காரன். பெண்டாட்டி செத்துப்போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறான். போனில் எப்போது கேட்டாலும், "மூணு வேளையும் வயிறு முட்டச் சாப்பிடுறேன்க்கா" என்பான். நேரில் பார்த்தாலும் சட்டையும் பேண்ட்டும் உடம்புக்குக் கச்சிதமாக இருக்கும். நானும் நம்பித் தொலைத்தேன்.

அன்றைக்கு, கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தான். பேண்ட்டின் பின்பக்கப் பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"என்னடா கூத்து இது?"

"புது மாடல்க்கா."

"மாடலாவது மண்ணாங்கட்டியாவது! திரும்புடா!"

உடம்பு இளைக்க இளைக்க, எனக்குத் தெரியாமலிருக்க, இடுப்பின் பின்தையலைப் பிடித்துச் சிறிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறான் திருட்டுப் பயல். சமையலறையில் டீத்தூளும் ரஸ்க்கும்தான் இருந்தன. அடுப்பில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். "வயசு மட்டும் காரணமில்லம்மா, மனசு விட்டுப்போயிருக்கு. சாப்பிடாததால இன்னும் மோசமாகுது. மாத்திரை தர்றேன். தனியா மட்டும் சாப்பிட விடாதீங்க" என்றார்.

அன்றே மூட்டை முடிச்சோடு தம்பி வீட்டில் இறங்கிவிட்டேன். எனக்குச் சமைக்க வராது. என் வீட்டுக்காரர் கடைசிவரை பொறுத்துக்கொண்டே போய்ச்சேர்ந்த மகராசன். பருப்பு கருகியது, சோறு குழைந்தது. இருவருக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

தம்பி தட்டைத் தள்ளினான். "யாருக்காகக்கா சாப்பிடணும்?"

பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும். "எனக்காகச் சாப்பிடுடா! எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான்!"

ஒரு வாய் வைத்தான். முகம் அஷ்டகோணலானது.

"உப்பாவது போட்டியா?"

"மறந்துட்டேன்."

"கருமம்! தள்ளு!" என்று அடுப்படிக்குப் போனான்.

அதிலிருந்து சமையல் அவன் பொறுப்பு. நான் குறை சொல்வேன், அவன் எரிந்துவிழுவான், தட்டு இரண்டும் காலியாகும். சில நாள் படுக்கையைவிட்டு எழமாட்டான். அன்றைக்கு நான் சமைக்கப் போவதாக மிரட்டுவேன்.

நேற்று பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. உட்கார்ந்து பின்தையலைப் பிரித்தான். எனக்குத் திக்கென்றது.

"பிடிச்ச துணிய வெட்டித் தூக்கிப் போட்டிருப்பியே! இப்ப எப்படிடா பெருசாக்குவ?"

"வெட்டலக்கா. உள்ளயே மடிச்சு வச்சுத் தைச்சேன்."

"அதான் உட்காரும்போதெல்லாம் நெளிஞ்சியா? வெட்டித் தொலைக்கிறதுதானே?"

"மனசு வரல," என்றான் தலை நிமிராமல்.

கண்ணைத் துடைத்துக்கொள்ள அடுப்படிக்குப் போனேன்.

"பருப்பத் தொடாதக்கா!" என்று அலறினான்.